பளு தூக்குபவரின் மூட்டுகள்: இறுக்கம் தளரவும் வலி கட்டுக்குள் வரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய ஜிம்மில் 19 ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவருகிறேன். கடந்த சில ஆண்டுகளாகக் காலை நேரத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பழக்கியும் விடுகிறேன். அங்கே நான் அதிகம் கேட்கும் சொற்கள், "அண்ணா, தோள் பிடிச்சிருக்கு, ஒரு வாரம் லீவு போட்டுட்டு வரேன்" என்பவைதான். ஒரு வாரம் கழித்து வருபவர், விட்ட இடத்திலிருந்து அதே எடையைத் தூக்குகிறார். இரண்டாம் நாளே வலி திரும்பிவிடுகிறது. இப்படி நான்கைந்து முறை நடந்தபின், "நமக்கு இது ஒத்துவராது" என்று அவர் வராமலே நின்றுவிடுகிறார். இந்தச் சுழலை உடைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் இதே சுழலில் சிக்கியவன். 34 வயதில் என் வலது தோள் கெட்டது. அப்போது எனக்குப் பழக்கியவர், வலியைப் பொருட்படுத்தாமல் தூக்கினால் தானே சரியாகிவிடும் என்றார். நானும் நம்பித் தூக்கினேன். இறுதியில் கொடியில் ஈரத் துணியைப் போடக்கூட இடது கையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. நான்கு மாதம் முழு ஓய்வு எடுத்தேன். தைலமும் மாத்திரையும் தீர்ந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்தபோது பழைய எடையில் பாதியே தோளுக்குப் பாரமாக இருந்தது. பொறுத்துக்கொண்டு தூக்குவதும் முழுதாக விட்டுவிடுவதும் ஆகிய இரண்டுமே தவறு என்பதை அதன்பின்தான் உணர்ந்தேன். தாங்கக்கூடிய அளவு பளுவை முழு வீச்சில், அதாவது மூட்டு போகும் கடைசி எல்லை வரை, மெதுவாக, இடைவிடாமல் கொடுத்தால்தான் மூட்டு சீராகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றையே எப்படிச் செய்வது என்று சொல்பவை.

முதல் படி: எது எந்த வலி என்று பிரித்தறிதல்

புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு மறுநாள் கை கால் கட்டிக்கொள்ளும். மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். இது பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தைத் தொட்டு, தானே குறையும். பளுவை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. அந்தப் பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் நேரும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியுமே இந்த வலிக்குக் காரணம். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று பலரும் சொல்வது சரியன்று. அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெருமளவு நீங்கிவிடுகிறது. தசையின் நடுப்பகுதியில், பரவலாக, பெரும்பாலும் இரு பக்கமும் வரும் இந்த வலிக்கு நடப்பதும் இலேசாக அசைவதுமே நல்ல மருந்து.

தசைநாண் வலி வேறு வகை. தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதிதான் தசைநாண். அங்கே வலி வந்தால் ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்: முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே, முழங்கையின் உட்பக்க முனையில், தோளின் முன்பக்கத்தில், குதிகாலுக்கு மேலே. காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருக்கும். உடல் சூடேறியதும் மறைந்துவிடும். பயிற்சி முடிந்த இரவோ மறுநாள் காலையோ முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். நடுவில் மறைந்துவிடுவதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

மூன்றாவது, மூட்டுக்குள்ளிருந்தே வரும் வலி. மூட்டு வீங்கும், மடக்கும்போது எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கும், அல்லது நடக்கும்போது சட்டென்று நழுவிவிடுவதுபோல் தோன்றும். நான்காவது, நரம்பு வலி: கழுத்திலிருந்து கைக்கோ இடுப்பிலிருந்து காலுக்கோ மின்னல்போல் ஓடும், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவையும் சேர்ந்து வரும். இந்த இரண்டு வகைக்கும் நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். மூட்டில் வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சொடக்குச் சத்தம் மட்டும் கேட்டால், அது நோயன்று; அதற்காகப் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெங்கு, சிக்குன்குனியா இரண்டுமே இங்கு வருபவை. 2006-ல் தமிழகம் முழுவதும் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு நடந்தவர்களை நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். காய்ச்சலோடு உடம்பு வலித்தால் அதை ஜிம் வலி என்று எண்ணி டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை விழுங்கக் கூடாது. அது டெங்குவாக இருந்தால், அந்த மாத்திரைகள் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அளந்து எழுதி வைத்தல்

இறுக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உடம்பு முழுவதையும் இழுத்து நீட்டிக்கொண்டிருப்பது வீண். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு அளவுநாடா, ஒரு சுவர் ஆகிய மூன்றும் போதும்.

கணுக்காலுக்கு: சுவரைப் பார்த்து வெறுங்காலோடு ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால், பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளி, இனித் தொட முடியாது என்னும் இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. அளவில் வந்தால் ஆழமாக ஸ்குவாட் (தோளில் எடையோடு குத்தவைத்து எழும் பயிற்சி) செய்யப் போதுமானது. இரு காலுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைத் தனியே குறித்துவையுங்கள். என்னிடம் வந்த ஒரு தம்பி, ஸ்குவாட்டில் இடுப்பு ஒரு பக்கம் சாய்வதற்கு இடுப்பே காரணம் என்று ஓராண்டாக அதற்கான பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தார். அளந்து பார்த்தபோது வலது கணுக்காலில் 11, இடதில் 5. பள்ளி நாளில் கபடி ஆடும்போது சுளுக்கி, சரியாகக் கவனிக்காமல் விட்ட கால் அது.

தோளுக்கு: முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, கீழ்முதுகு வளைந்து சுவரை விட்டு விலகாமல், முழங்கையை நீட்டியபடி இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கட்டைவிரல்கள் சுவரைத் தொடுகின்றனவா, தொடாவிட்டால் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு: குத்தவைத்து உட்கார்ந்து, குதிகால் தரையில் பதிந்திருக்க, ஒரு நிமிடம் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். நம் தாத்தா பாட்டிகள் முற்றத்தில் இப்படி உட்கார்ந்துதான் பாத்திரம் விளக்கினார்கள், கீரை ஆய்ந்தார்கள். நாற்காலிக்கும் மேல்நாட்டுக் கழிப்பறைக்கும் மாறிய தலைமுறையில் இதை முப்பது வயதுக்காரர்களாலேயே செய்ய முடிவதில்லை. இந்த அளவுகளை நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். தினமும் அளப்பது மனத்தைத்தான் குழப்பும்.

மூட்டு ஏன் அசைவைக் கேட்கிறது

எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டை அசைத்து, அழுத்தி, விடும்போது சுற்றியுள்ள மூட்டுத் திரவம் பஞ்சில் நீர் ஏறி இறங்குவதுபோல் உள்ளே போய்வருகிறது. அதன் வழியாகவே குருத்தெலும்பு உணவு பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்றே சொல்லலாம்.

தசைநாணின் கதையும் இதைப் போன்றதே. தசைக்கு ஓடும் இரத்தத்தோடு ஒப்பிட்டால் தசைநாணுக்கு ஓடும் இரத்தம் மிகக் குறைவு. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 நம் உடலிலும் பதிந்திருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் அதை அளந்து, வளர்ச்சிப் பருவம் முடிந்தபின் குதிகால் தசைநாணின் மையப்பகுதி ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-ல் எழுதினார்கள். அதனால்தான் தசை ஆறு வாரத்தில் வலுப்பெற்றுவிட்டாலும் தசைநாணுக்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூன்றாம் மாதத்தில் வேகமாக எடையைக் கூட்டி முழங்கை வலியோடு வந்து நிற்பது இந்த வேறுபாட்டால்தான். அவருடைய தசை தயாராகிவிட்டது, கயிறு இன்னும் தயாராகவில்லை.

மூன்றாம் படி: தினமும் பத்து நிமிடம்

காலையில் பல் துலக்கியதும் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, நடுமுதுகு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் அது செல்லும் கடைசி எல்லை வரை, மிக மெதுவாக, மூன்று முதல் ஐந்து முறை சுழற்றுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடியாவது ஆக வேண்டும். வேகமாகச் சுழற்றினால் கை தானே வீசப்பட்டுப் போய்வரும். தசை அதைக் கட்டுப்படுத்துவதில்லை. கழுத்தை மட்டும் பின்புறமாக முழு வட்டமாகச் சுழற்றாமல், முன்னும் பக்கவாட்டிலும் அரைவட்டமாக நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, அளந்ததில் மிக மோசமாக வந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். கணுக்கால் என்றால், சுவர்ச் சோதனையில் நின்ற அதே நிலையில் முழங்கால் மேல் ஒரு டம்பெல்லை (ஒரு கையால் தூக்கும் எடை) வைத்து முன்னோக்கி அழுத்தி, கடைசி எல்லையில் ஐந்து நொடி நிறுத்தி, காலுக்கு எட்டு முறை வீதம் மூன்று செட் (சுற்று). நடுமுதுகு என்றால், பாயைச் சுருட்டித் தரையில் வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே அது அமையும்படி மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குப் பின் கோத்து, மூச்சை வெளிவிட்டபடி பின்னுக்குச் சாய்தல். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் ஏறக்குறைய 25 கி.மீ. பைக்கில் போய்வருபவர்களுக்கு இந்த ஒன்றே பெரும் ஆறுதல். குனிந்த முதுகோடு ஒரு மணி நேரம் ஓட்டிவந்து நேராகத் தலைக்கு மேல் பளு தூக்கினால், முதுகு தராத வளைவைத் தோள்தான் தர வேண்டியிருக்கும்.

இடுப்புக்குத் தனிப் பயிற்சி என்று பெரிதாக வேண்டாம்; இரவுச் சாப்பாட்டைத் தரையில் சம்மணமிட்டு உண்ணுங்கள், தொலைக்காட்சி பார்க்கும்போது இரண்டு மூன்று நிமிடம் குத்தவைத்து உட்காருங்கள். முடியாதவர்கள் குதிகாலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துத் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல அதன் உயரத்தைக் குறைத்துவரலாம்.

தோள்: சற்று விரிவாக

ஜிம்மில் மிக அதிகம் கெடும் மூட்டு இதுதான். கையைப் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்போது, ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், எஞ்சிய 60 பாகை முதுகில் விலா எலும்புகளின்மேல் வழுக்கிச் சுழலும் தோள்பட்டை எலும்பிலும் நடக்கிறது. பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் எடையைத் தள்ளுதல்) செய்யும்போது அந்த எலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டிவைக்கிறோம். புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல்) செய்யும்போது கீழே இழுக்கிறோம். ஆண்டுக்கணக்கில் இவற்றை மட்டுமே செய்பவரின் தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழலும் பழக்கத்தை இழக்கிறது. அப்போது முழுச் சுமையும் தோள்மூட்டின் மேலும், அதை உறைபோல் சூழ்ந்திருக்கும் நான்கு சிறிய தசைகளின் மேலும் விழுகிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் புதுச்சேரியில் கரலாக்கட்டை (உடலைச் சுற்றிச் சுழற்றும் கனத்த மரக்கட்டை) சுழற்றப் பழக்கும் ஒரு முதியவர். என் தோள் கெட்டிருந்த காலத்தில் ஒரு நண்பர் அவரிடம் அழைத்துச் சென்றார். சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கச் சொன்னார். பின்னால் வந்து நின்று, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "தம்பி, இது நகரவே இல்லையே" என்றார். மறுபடியும் தூக்கச் சொல்லி, அந்த முனையை அக்குள் பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தார். நான்கு மாதமாகக் காதுக்கு மேல் போகாத கை, அவர் விரல் தள்ளிய அந்த ஒரு முறை வலியில்லாமல் உயர்ந்தது. பிறகு என் கையில் ஒரு கிலோவுக்கும் குறைவான சிறிய கட்டையைக் கொடுத்தார். 60 கிலோவைத் தள்ளிய கைக்கு இதுவா என்று எனக்குள் எழுந்த கேள்வி, தலைக்குப் பின்னால் அதை இருபது முறை சுழற்றி முடித்தபோது அடங்கிவிட்டது.

கரலாக்கட்டை கிடைத்தால், தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, மிக இலேசான கட்டையில் தொடங்குங்கள். கிடைக்காதவர்கள் மூன்று பயிற்சிகளைச் செய்யலாம். முதலாவது, கம்பியில் தொங்குதல்: பாதங்கள் தரையில் பட, உடல் எடையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, 20 நொடி வீதம் மூன்று முறை; வலி இல்லையென்றால் மெல்ல மெல்ல முழு எடைக்கு. இரண்டாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுத்தல். 15 முறை வீதம் மூன்று செட். மூன்றாவது, தண்டால். பழைய முறைத் தண்டாலில் பின்னிருந்து வளைந்து முன்னே சென்று, மீண்டும் பின்னுக்கு வந்து கைகள் தலைக்கு நேரே நீளும் அந்தக் கடைசி நிலையில்தான் தோள்பட்டை எலும்பு முழுதாகச் சுழல்கிறது. நெஞ்சை மட்டும் இறக்கி ஏற்றும் புஷ்-அப்பில் அது கிடைப்பதில்லை.

பெஞ்ச் பிரஸ்ஸையும் விட்டுவிட வேண்டியதில்லை. முழங்கைகளைத் தோளுக்கு நேராக அகட்டாமல், உடலிலிருந்து 45 முதல் 60 பாகைக்குள் வைத்துக்கொண்டு, தள்ளும் பயிற்சி எத்தனை செட் செய்கிறீர்களோ அத்தனை செட் இழுக்கும் பயிற்சியும் செய்தால் பெரும்பாலான தோள்களுக்கு அதுவே போதுமானது.

நான்காம் படி: எடைக்கு முன் வார்ம்-அப்

ஐந்து நிமிட வேக நடையோ சைக்கிளோ உடலைச் சூடாக்கும். ஆனால் மூட்டுக்கு அன்றைய அசைவையே இலேசான எடையில் காட்டுவதுதான் உண்மையான வார்ம்-அப். அன்று 80 கிலோவில் ஸ்குவாட் என்றால், 20 கிலோ வெறும் கம்பியில் பத்து முறை வீதம் இரண்டு செட், 40-ல் ஐந்து, 60-ல் மூன்று, 70-ல் ஒன்று என்று ஏறி அதன்பின் 80-க்குச் செல்லுங்கள். இதற்கு எட்டுப் பத்து நிமிடம் ஆகும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இதைத் தவிர்ப்பவர்கள், கடைசி செட்டைத் தவிர்த்துக்கொள்ளட்டும்.

ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங்கைப் பளு தூக்குவதற்குச் சற்று முன் செய்தால் தசையின் வலு தற்காலிகமாகக் குறைகிறது. அதைப் பயிற்சிக்குப் பின்னோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: முழு வீச்சில் வலு

நீட்டிப் பெற்ற நெகிழ்வு, வலு சேராவிட்டால் தங்குவதில்லை. முழு வீச்சில் செய்யும் பளுப் பயிற்சி, ஸ்ட்ரெச்சிங் அளவுக்கே நெகிழ்வைக் கூட்டுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதே சிக்கனம். பின்தொடைக்கு ரோமானியன் டெட்லிஃப்ட் (முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து எடையை இறக்கி ஏற்றுதல்), இடுப்பின் முன்பக்கத்துக்கு ஒரு காலை நன்றாகப் பின்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட், கெண்டைக்காலுக்குப் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை முழுதாக இறக்கி ஏற்றுதல், தோளுக்கும் விலாவுக்கும் டம்பெல் புல்-ஓவர் (மல்லாந்து படுத்து டம்பெல்லைத் தலைக்குப் பின் இறக்கி ஏற்றுதல்) ஆகிய இந்த நான்கையும் வாரம் இரு முறை, எட்டு முதல் பன்னிரண்டு முறை வீதம் மூன்று செட் செய்யுங்கள். இறக்கும்போது மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டு, அடியில் ஒரு நொடி நிறுத்துங்கள். இப்படிச் செய்ய வழக்கமான எடையில் பாதியே போதும். கௌரவம் பார்த்து எடையைக் கூட்டினால், முதலில் குறைவது வீச்சுதான்.

ஸ்குவாட்டில் முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்ற பயம் இங்கே பரவலாக இருக்கிறது. ஆரோக்கியமான முழங்காலுக்கு அது தீங்கன்று; வலுக்கட்டாயமாகத் தடுத்தால் அந்தச் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. நம் பழைய பஸ்கியில் (எடையில்லாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி) குதிகாலே எழும்பி முழங்கால் வெகுதூரம் முன்னே செல்லும். படிப்படியாகப் பழக்கியதால்தான் அந்த மூட்டுகள் அதைத் தாங்கின.

ஆறாம் படி: வலி வந்துவிட்டால்

வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை இருந்து, மறுநாள் காலை முந்தைய காலையைவிட அதிகமாகாமல் இருந்தால், அந்த அளவு பளு உங்கள் தசைநாணுக்கு ஏற்றதே, தொடரலாம். மறுநாள் காலை அதிகமாகியிருந்தால் முந்தைய நாள் செய்தது மிகை. ஆகவே தீர்ப்பைப் பயிற்சி நேரத்தில் எழுதாமல், மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.

குறைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் எடையைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். அதிலும் வலித்தால் வீச்சைச் சுருக்குங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் நெஞ்சின்மேல் ஒரு பலகையை வைத்து அதுவரை மட்டும் இறக்குவது இதற்கு ஒரு வழி. அதிலும் வலித்தால் மட்டுமே பயிற்சியை மாற்றுங்கள். பார்பெல்லுக்கு (இரு கையால் தூக்கும் நீளக் கம்பி) பதில் டம்பெல், ஸ்குவாட்டுக்குப் பதில் பெட்டிமேல் ஏறி இறங்குதல். கெட்ட மூட்டு தவிர மற்ற உடல் முழுவதும் வழக்கம்போல் பயிற்சி செய்யட்டும்.

தசைநாண் வலி வாரங்களைத் தாண்டிப் பழகிப்போனதாக இருந்தால் மூன்று கட்டங்களாகப் போக வேண்டும். முதல் கட்டம், அசையாமல் பிடித்திருப்பது. முழங்கால் தசைநாண் என்றால் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் 45 நொடி, இடையே இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. முழங்கை என்றால் ஒரு டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மடக்காமல் அதே கணக்கில் நிறுத்துதல். பலருக்கு இதுவே வலியைத் தணித்துவிடும். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் கட்டம்: மூன்று நொடியில் ஏற்றி மூன்று நொடியில் இறக்கும் மெதுவான பளு, ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக எடை கூடி எட்டு முறைக்கு வருவது. இதற்குப் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். வலி குறைந்ததும் நான்காம் வாரத்திலேயே நிறுத்திவிடுபவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. குதிப்பு, ஓட்டம், வேகமாகத் தூக்குதல் ஆகியவை மூன்றாம் கட்டத்தில்தான். கடலூர் சில்வர் பீச் கடற்கரை மணலில் நடப்பது கணுக்காலுக்கு நல்லதென்றாலும், குதிகால் தசைநாண் வலியுள்ளவர் அந்த மணலில் ஓடிப் பார்க்க வேண்டாம். குதிகால் புதையப் புதையத் தசைநாண் வழக்கத்தைவிட நீண்டு இழுபடும்.

ஐஸ், மாத்திரை, நீவல்

அடிபட்டதும் ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் ஒன்றாகச் சொல்லி 1978-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் ஓரிரு நாள் வலி தாங்கமுடியாமல் இருந்தால் பத்து நிமிடம் ஐஸ் வைப்பதில் தவறில்லை. அதன் வேலை வலியை மரத்துப்போகச் செய்வது மட்டுமே. பழைய இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமே இதமாக இருக்கும். எண்ணெய் தேய்த்து இலேசாக நீவிக்கொள்வதும் அப்படியே. ஆனால் புதிதாக வீங்கிய மூட்டைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரேனும் முறுக்கி இழுக்க இடம்கொடுக்காதீர்கள். முறிவோ கிழிவோ இல்லை என்று உறுதியான பிறகே மற்றவை.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டிப்பாக விட வேண்டும். அது தசைநாணின் எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. அதோடு, வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. அக்னி நட்சத்திர நாள்களில் நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்பதைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் நீங்களே அறிந்துகொள்வீர்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

ஏழாம் படி: மொத்தச் சுமையைக் கணக்கிடுதல்

துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு மாலையில் ஜிம்முக்கு வரும் தம்பி ஒருவருக்கு முழங்கை வலி தீரவே இல்லை. ஜிம் அட்டவணையில் குறையொன்றும் தெரியவில்லை. பிறகுதான், மீன்வரத்து மிகுந்த நாள்களில் அவர் கைப்பிடிக்கு எத்தனை மணி நேரம் வேலை இருக்கிறது என்று கேட்டு எழுதினோம். அந்த நாள்களில் புல்-அப்பையும் டெட்லிஃப்டையும் எடுத்துவிட்டுக் கால் பயிற்சியை வைத்தோம். ஏழு எட்டு வாரத்தில் வலி மூன்றுக்குக் கீழே இறங்கியது. உங்கள் மூட்டுக்கு ஜிம் பளு, தொழில் பளு என்ற வேறுபாடு தெரியாது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தூக்கத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு மணி நேரம் தூங்கிய நாளில் எடையைக் குறைத்துக்கொள்வது சோம்பேறித்தனமன்று.

எடையைக் கூட்டும்போது மேலுடல் பயிற்சிகளுக்கு இரண்டரைக் கிலோ, கால் பயிற்சிகளுக்கு ஐந்து கிலோ என்ற அளவை ஒரு வேளையில் தாண்டாதீர்கள். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் முழுவதும் செட்டுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். உணவில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் அளவில் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் மீன், பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். விலை குறைந்த மத்தி மீனே இங்கு இதற்குப் போதுமான துணை.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

பயிற்சியின்போது ஏதோ அறுந்ததுபோல் சத்தம் கேட்டுக் கையையோ காலையோ தூக்க முடியாமல் போதல். ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் வருதல். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் பால் கலக்காத டீயின் நிறத்தில் போதல். முதுகுவலியோடு தொடைகளின் உட்பக்கம் மரத்துப்போய்ச் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போதல். இடது தோள், தாடை, நெஞ்சு ஆகியவற்றில் அழுத்தத்தோடு வியர்த்து மூச்சுத் திணறுதல். இவை ஐந்தும் அன்றைக்கே, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை விரல் மூட்டுகளில் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், ஆறு வாரம் முறையாகக் குறைத்துப் பார்த்தும் மாறாத வலி ஆகியவற்றுக்கு அந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரின் எலும்பு மூட்டுப் பிரிவும் இருக்கின்றன.

போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எந்த அசைவில் வலிக்கிறது, காலையில் எப்படி, இரவில் எப்படி, என்னென்ன மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள் என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் அதில் தேதியோடு இருக்கும். ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாதவர்களின் தோளிலும் முதுகிலும்கூடத் தேய்மானமும் சிறு கிழிவும் தெரிவது சாதாரணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அறிக்கையில் உள்ள சொற்களைப் பார்த்து அஞ்சாமல், "எந்தப் பயிற்சியை எவ்வளவு எடையில் தொடரலாம்?" என்ற கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டு, அந்தப் பதிலையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.